கொட்டகையை அகற்று என்பவர்களுக்கு

குடியிருப்புப் பகுதியில் ஆடு, மாடு, கோழி வளர்க்கக் கூடாது. வேண்டுமானால் ஊருக்கு வெளியே போய் வளர்த்துக்கொள்ளட்டும். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்களில் பலர் இதை விவாதத்துக்கே இடமில்லாத உண்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டில் வயலும் மனையும் உரசிக்கொள்ளும் இடத்திலெல்லாம் இதே பேச்சுதான். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகு இந்தக் குரலுக்குக் கூடுதல் தெம்பு வந்திருக்கிறது. இந்தக் கருத்து தவறு. நடைமுறைக்கு வந்தால் அநியாயமும்கூட.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். அதிகாலை மூன்றரை மணிக்குச் சேவல் கூவினால், இரவுப் பணி முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்த செவிலியரின் தூக்கம் போகிறது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, இதய நோயாளி, கைக்குழந்தைக்காரி என்று பலருக்கும் பக்கத்துக் கொட்டகையின் சத்தம் தொல்லைதான். கன்றைப் பிரித்த பசு இரவு முழுக்கக் கத்துகிறது. சாணமும் மூத்திரமும் தெருச் சாக்கடையில் கலக்கின்றன. ஈயும் கொசுவும் பெருகுகின்றன. 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில், பள்ளியிலிருந்து வீடு திரும்பிய சிறுமியை மாடு முட்டித் தூக்கிய காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவருக்கு நிம்மதியாகத் தூங்கும் உரிமை இல்லையா? நகரம் நகரமாக இருக்க வேண்டாமா?

இந்த வலி உண்மையானது. தூக்கம் கெடுவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர் அதை அனுபவித்திருக்க மாட்டார். ஆனால் வலி உண்மை என்பதாலேயே அதற்குச் சொல்லப்படும் மருந்தும் சரியென்று ஆகிவிடாது. 'அகற்று' என்ற மருந்தைத்தான் மறுக்கிறேன்.

1. யார் இடத்துக்கு யார் வந்தது?

வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30-ல். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. அலுவலகம் வந்த இடத்துக்கு அலுவலர்கள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து கடைகளும் மனைப்பிரிவுகளும் வந்தன. நெல்லும் மணிலாவும் விளைந்த நிலத்தில் கல் நட்டுப் பிரித்து விற்றார்கள். ஏரியும் வயலும் சூழ்ந்த இந்த ஊரில் அதற்கு முன்பே மாடு இருந்தது, ஆடு இருந்தது, கோழி இருந்தது.

"முன்னால் வந்தவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?" என்று கேட்பார்கள். கூடாது. நான் சொல்வது அதுவல்ல. கொஞ்ச காலம் முன்பு வரை பகல் முழுவதும் ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பிய மாடு, இப்போது ஏன் நாள் முழுக்க உங்கள் மதிற்சுவரை ஒட்டிக் கட்டுத்தறியில் நிற்கிறது? மேய்ச்சல் நிலம் மனையாகிவிட்டது, அதனால்தான். மேய்ச்சல் இருந்தவரை மாடு பகலில் ஊருக்கு வெளியேதான் இருந்தது. அந்த வெளியை விலைக்கு வாங்கி வீடு கட்டிய பிறகு, மாட்டைப் பார்த்து 'வெளியே போ' என்பது காரணத்தையும் விளைவையும் மாற்றிப்போடும் பேச்சு.

2. சத்தம்தான் குறை என்றால் எல்லாச் சத்தத்தையும் அளக்க வேண்டும்

ஒலி மாசுக்கான மத்திய அரசின் விதிகள் 2000-ல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அவை வகுத்த அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. சேவலின் கூவல் இதைத் தாண்டாதா என்றால், தாண்டும். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அளந்தால் 100 டெசிபலைக் கடக்கும் கூவல் உண்டு. இதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் விதிகள் கணக்கிடுவது ஒரு நொடியின் உச்சத்தை அல்ல, குறிப்பிட்ட நேரத்தின் சராசரியை. கூவல் சில நொடிகளில் முடிகிறது.

அதே தெருவில் இரவு முழுக்க ஓடும் பழைய ஏசியையும், விடியும் முன் போடப்படும் தண்ணீர் மோட்டாரையும், வேலூர் சாலையில் காற்றொலிப்பானை அழுத்திக்கொண்டே போகும் பேருந்தையும், கல்யாண மண்டபத்து வெடியையும் கணக்கில் சேருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் உறுதியாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மீறப்படும் ஒவ்வொரு இரவும் நாம் எத்தனை மனு எழுதினோம்?

நாயை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிக் கதவுக்குள் கட்டியிருக்கும் விலையுயர்ந்த சாதி நாய் நடுநிசியில் அரை மணி நேரம் குரைத்தால் அது வீட்டுக்குப் பாதுகாப்பு. எதிர்வீட்டு ஆடு ஐந்து நிமிடம் கத்தினால் அது சுகாதாரக் கேடு. இரண்டும் விலங்கு, இரண்டும் சத்தம், இரண்டும் ஒரே தெரு. வேறுபடுவது வளர்ப்பவரின் வசதி மட்டும்தான். காதுக்குள் வர்க்கம் புகுந்துகொண்டிருக்கும்போது, அதைச் சத்தப் பிரச்சினை என்று அழைப்பது நேர்மையல்ல.

3. கால்நடை காரணமில்லாமல் கத்துவதில்லை. காரணம் தெரிந்தால் தீர்வும் தெரியும்

பசு இரவெல்லாம் ஏன் கத்துகிறது? பெரும்பாலும் பசி, தாகம், கறவை நேரம் தள்ளிப்போனது, கன்றைப் பிரித்தது, அல்லது பருவத்துக்கு வந்தது. சினை பிடிக்காத பசுவுக்குச் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும்; ஒரு நாளுக்குள் அடங்கும். மறுநாள் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போட்டு, சினை பிடித்துவிட்டால் ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு அந்தக் கத்தல் இல்லை. பிரித்த கன்றுக்காகக் கத்தும் தாயும் சில நாட்களில் ஓய்ந்துவிடும். ஆகவே 'தினமும் ராத்திரி கத்துகிறது' என்பது உண்மையானால், அந்த மாட்டுக்குத் தீவனமோ தண்ணீரோ கவனிப்போ போதவில்லை என்று பொருள். வைத்தியம் பார்க்க வேண்டிய நிலையை நாடுகடத்தும் குற்றமாக ஆக்கக் கூடாது.

சேவலுக்கும் இது பொருந்தும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சேவல் விடியலைப் பார்த்துக் கூவுவதில்லை. அதன் உடலுக்குள் ஓடும் கடிகாரமே கூவச் செய்கிறது. வெளிச்சமும் மற்றச் சேவல்களின் கூவலும் அதைத் தூண்டுகின்றன, அதுவும் விடியலை ஒட்டிய நேரத்தில் அதிகமாக. இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. தெருவிளக்கின் வெளிச்சம் விழாதபடி கோழிக்கூட்டை மறைத்துக் கட்டலாம். கழுத்தை முழுதாக நீட்ட முடியாத தாழ்வான கூட்டில் இரவு அடைக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு சேவல் போதும் என்று பேசி முடிவு செய்யலாம். அடைகாக்கவும் முட்டையிடவும் வேண்டியது பெட்டை. அது விடியலுக்கு முன் ஊரை எழுப்புவதில்லை. பொழுது விடிந்த பிறகு கூட்டைத் திறந்துவிடச் சொல்லி, "அக்கா, ஆறு மணிக்கு மேல தொறந்து வுடுங்க" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒருமுறை கேட்டால் பல வீடுகளில் முடிந்துபோகும் விஷயம் இது. அந்த ஒரு வார்த்தையைப் பேசாமலே ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாள் வரிசையில் போய் நிற்கிறோம்.

4. மூன்று குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டுவது ஏமாற்று

சத்தம், சாணம், தெருவில் திரிவது ஆகிய மூன்றும் வெவ்வேறு பிரச்சினைகள். ஒன்றின் கோபத்தை இன்னொன்றின் மேல் ஏற்றித்தான் 'அகற்று' என்ற முடிவுக்கு வருகிறார்கள். அரும்பாக்கத்துச் சம்பவம் சாலையில் அவிழ்த்துவிட்ட மாட்டைப் பற்றியது. கறந்து முடித்ததும் தெருவில் துரத்திவிட்டு, குப்பைத்தொட்டி நெகிழியைத் தின்னவிடும் உரிமையாளரைப் பிடித்து அபராதம் போடுங்கள். ஒரு சொல் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் குற்றத்தைக் காட்டி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, புண்ணாக்கும் தவிடும் வாங்கிப் போட்டு, கயிறு அவிழாமல் வளர்க்கும் பெண்ணைத் தண்டிப்பதில் எந்தத் தர்க்கமும் இல்லை.

சாணத்துக்கும் வழி இருக்கிறது. மூன்று நான்கு மாடுகளின் சாணம், நாளுக்கு ஏறத்தாழ 50 கிலோ இருந்தால், 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும். ஒரு சிறு குடும்பத்தின் சமையல் அதில் நடக்கும். ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவர்களின் சாணத்தைத் தினமும் எடுத்துச் சென்று உரமாக்க உள்ளாட்சி ஏற்பாடு செய்யலாம். வீடுவீடாகக் குப்பை வாங்க வண்டி வருகிற ஊரில் சாணம் வாங்க வண்டி வர முடியாதா? தரையில் சிமென்ட் தளமும், மூத்திரம் போக மூடிய வாய்க்காலும், உறிஞ்சுகுழியும் இருந்தால் சாக்கடைப் புகாரில் பாதி அடங்கும். இதையெல்லாம் கேட்பதை விட்டுவிட்டு வெளியேற்றத்தைக் கேட்பவர்களுக்குச் சுகாதாரம் முதல் அக்கறை என்று நம்புவது கடினம்.

5. சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது என்று நினைக்காதீர்கள்

நகர்ப்புறங்களில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1997-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் பெற்று, ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்பதே அதன் போக்கு. நகரம் என்றாலே கால்நடை கூடாது என்பது சட்டத்தின் முடிவு அல்ல; நம்முடைய ஆசை.

அக்கம்பக்கத்துக்கு உண்மையிலேயே தொல்லை நேர்ந்தால் அதை நீக்க ஆணையிடும் அதிகாரம் வருவாய்த் துறையின் நடுவர்களுக்கு நெடுங்காலமாக இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில், அடூரை அடுத்த பள்ளிக்கல்லில் அதிகாலை 3 மணிக்குப் பக்கத்து வீட்டுச் சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது என்று ஒருவர் புகார் கொடுத்தார். கோட்டாட்சியர் இரு தரப்பையும் கேட்டார், இடத்தையும் பார்க்கச் செய்தார். வீட்டின் மேல்தளத்தில் இருந்த கோழிக்கூட்டை அதே வளாகத்தின் தெற்குப் பக்கத்துக்கு 14 நாட்களுக்குள் மாற்றும்படி 2025 பிப்ரவரியில் ஆணையிட்டார். கோழி வளர்ப்பவரின் பிழைப்பும் போகவில்லை; புகார் கொடுத்தவரின் தூக்கமும் அலட்சியப்படுத்தப்படவில்லை. நான் கேட்பது இந்த வகை நீதி.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் கூவுவதாக, அங்கே ஓய்வில்லம் வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளி, தொடுத்தவர்களே 1,000 யூரோ கொடுக்க வேண்டும் என்றது. 2021 ஜனவரி 29-ல், கிராமப்புறத்தின் ஒலிகளும் மணங்களும் பாதுகாக்க வேண்டிய மரபின் பகுதி என்று அந்நாடு சட்டமே இயற்றியது. 2024 ஏப்ரலில் வந்த இன்னொரு சட்டம், ஒருவர் குடிவருவதற்கு முன்பிருந்தே விதிப்படி நடந்துவரும், அதே அளவில் தொடரும் தொழிலைத் தொல்லை என்று சொல்லி அவர் இழப்பீடு கேட்க முடியாது என்று வரையறுத்தது. செல்வம் கொழிக்கும் ஒரு நாடு சேவலோடு வாழக் கற்றுக்கொள்கிறது. நகரமாவது என்றால் சேவலை ஒழிப்பது என்று நாம் எங்கிருந்து கற்றோம்?

ஆயிரக்கணக்கில் கறிக்கோழி அடைத்த பண்ணைகளுக்காக நான் வாதாடவில்லை. அவை தொழிற்கூடங்கள், அவற்றுக்குத் தனி விதிகளும் தூர வரம்பும் வேண்டும். இரண்டு கறவை, நான்கு ஆடு, பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டைப் பண்ணையோடு சேர்த்து எண்ணக் கூடாது என்பதே என் வாதம்.

6. பாலும் முட்டையும் வேண்டும், வளர்ப்பவர் மட்டும் வேண்டாமா?

2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகளும், 99 லட்சம் வெள்ளாடுகளும், 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி பண்ணையில் இல்லை, வீட்டோரத்தில் இருக்கிறது. அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசே விலையில்லாக் கறவை மாடுகளையும், ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடுகள் என்ற கணக்கில் ஆடுகளையும் வழங்கத் தொடங்கியது. ஒரு கையால் அரசு கொடுத்த ஆட்டை இன்னொரு கையால் உள்ளாட்சி பறிக்க வேண்டும் என்பதா உங்கள் கோரிக்கை?

வருமானத்தையும் பாருங்கள். ஆவின் பசும்பாலுக்கு லிட்டருக்கு 35 ரூபாய் கொள்முதல் விலையும், 2023 டிசம்பர் முதல் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. காலையும் மாலையுமாக 10 லிட்டர் கறக்கும் ஒரு மாட்டில் நாளொன்றுக்கு 380 ரூபாய். அதில் தீவனத்துக்கும் மருந்துக்கும் போனது போக மிஞ்சுவதுதான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், பால் அட்டையைக் காட்டி வாங்கும் கடனின் தவணை. ஆடு அந்த வீட்டின் வங்கிச் சேமிப்பு. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அன்றைக்கே விற்றுக் காசாக்கக் கூடியது.

இவர்களிடம் 'ஊருக்கு வெளியே போய் வளருங்கள்' என்கிறார்கள். வெளியே எங்கே? வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு வெளியில் நிலம் ஏது? ஆளில்லாத இடத்தில் கட்டிய மாட்டை இரவில் யார் காப்பது? நாய் கடித்தால், திருடன் அவிழ்த்துப் போனால் யார் பொறுப்பு? விடியற்காலை நான்கு மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து போய்க் கறக்கச் சொல்வது, வளர்க்காதே என்று சொல்வதற்குச் சமம். அதை நேராகச் சொல்லும் துணிச்சல் இல்லாததால் 'வெளியே' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

7. திருவண்ணாமலையில் நின்று இதைச் சொல்ல முடியாது

இந்த ஊர் கால்நடையோடு வளர்ந்த ஊர். கார்த்திகை தீபத்தை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும் ஊர். இரமணாசிரமத்துக்கு 1926-ல் கன்றாக வந்த லட்சுமி, அங்கே காட்டு விலங்கு பயமும் பராமரிக்க வசதியின்மையும் இருந்ததால் நகருக்குள் ஓர் அன்பர் வீட்டில் வளர்ந்தாள். தினமும் காலையில் தெரு வழியே தானாக நடந்து ஆசிரமம் போய், மாலையில் வீடு திரும்பினாள். அந்தத் தெருக்கள் அவளுக்கு வழிவிட்டன. 1948 ஜூன் 18-ல் அவள் இறந்தபோது இரமணர் அருகிலிருந்தார். ஆசிரமத்துக்குள்ளேயே அவளுக்குச் சமாதி கட்டப்பட்டது. இன்று உலகின் பல மூலைகளிலிருந்து வருபவர்கள் அதன் முன் நிற்கிறார்கள்.

பக்தியைக் காட்டி வாதத்தை வெல்ல இதைச் சொல்லவில்லை. நகரமும் மாடும் சேர்ந்து வாழவே முடியாது என்பவர்களுக்கு, இதே நகரம் அப்படி வாழ்ந்து காட்டியது என்ற வரலாற்றை நினைவூட்டுகிறேன். அந்த மரபைத் தேடி இங்கே மனை வாங்கியவர்கள், சமாதியில் இருக்கும் பசுவை வணங்கிவிட்டு உயிரோடு இருக்கும் பசுவை விரட்டச் சொன்னால் அது முரண்.

8. இன்று மாடு என்றால் நாளை யார்?

'எனக்குத் தொல்லை, ஆகவே அகற்று' என்பது ஒருமுறை விதியாகிவிட்டால் அது கொட்டகையோடு நிற்காது. விடியற்காலையில் மாவரைக்கும் இட்லிக் கடை, வீட்டு முன்னறையில் தையல் மெஷின் ஓட்டும் பெண், தச்சுப் பட்டறை, பறை பழகும் இளைஞர்கள் என்று ஒவ்வொருவராக அந்த விதிக்குள் வருவார்கள். பிழைப்புக்காக எழும் சத்தமெல்லாம் குற்றம், வசதிக்காக எழும் சத்தமெல்லாம் இயல்பு என்று ஆகும். அப்படி ஓர் ஊர் அமைதியாக இருக்கலாம். அதில் ஏழைக்கு இடமிருக்காது.

என்ன செய்ய வேண்டும்?

வளர்ப்பவர்கள் மேல் கடமை இருக்கிறது. இரவில் சேவலைக் கூட்டில் அடைக்க வேண்டும். கொட்டகையை அடுத்த வீட்டுப் படுக்கையறைச் சன்னலிலிருந்து முடிந்தவரை தள்ளிப் போட வேண்டும். நேரத்துக்குத் தீவனமும் தண்ணீரும் வைக்க வேண்டும். சாணத்தைச் சாக்கடையில் தள்ளக் கூடாது. மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது. இதைச் செய்யாதவர்களுக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம்.

உள்ளாட்சி மேல் அதைவிடப் பெரிய கடமை இருக்கிறது. சிறு வளர்ப்பாளர்களுக்கு எளிய கட்டணத்தில் உரிமம் தர வேண்டும். சாணம் சேகரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இடமில்லாதவர்களுக்குக் குடியிருப்புக்கு அருகிலேயே தண்ணீரும் காவலும் உள்ள பொதுக் கொட்டகை கட்டித் தர வேண்டும். புகார் வந்தால் முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். எஞ்சியிருக்கும் ஏரிக்கரையையும் மேய்ச்சல் புறம்போக்கையும் இனி ஒரு மனைக்கும் விடக் கூடாது.

புதிதாகக் குடிவந்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மனு எழுதும் முன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மாடு ஏன் கத்துகிறது என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கு எப்போது தூக்கம் கெடுகிறது என்று சொல்லுங்கள். பத்தில் எட்டுக் குறை அங்கேயே தீரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. தீராத குறைக்குச் சட்டம் இருக்கிறது, அது கூட்டை நகர்த்தித் தரும். ஒரு குடும்பத்தின் பிழைப்பையே அகற்றச் சொல்லும் உரிமையை மட்டும் எந்த மனைப் பத்திரமும் உங்களுக்குத் தரவில்லை.